சரக்கு வந்த வழியும் தொழில் வந்த வழியும்: டி. டி. கிருஷ்ணமாச்சாரியின் வாழ்வு

நம் இல்லங்களில் அன்றாடம் புழங்கும் சாவி, சன்னல், அலமாரி, மேசை ஆகிய சொற்கள் போர்த்துகீசியரோடு வந்தவை. வக்கீல், வசூல், பாக்கி, ரசீது என்பன அரபு, பாரசீக மொழிகளின் வழியே நம்மை அடைந்தவை. குழம்பில் இடும் மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த தமிழர் அதன் காரத்தை அறியார். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மரக்கலம் செலுத்திய நம் முன்னோர் கடல் கடந்து வணிகம் செய்தபோது, சரக்கோடு சொல்லும் உணவும் உடையும் நம்பிக்கையும் கூடவே பயணம் செய்தன. இவற்றுள் எது உள்ளே வரவேண்டும், எது வரக்கூடாது என்று எவரும் கூடியிருந்து முடிவு செய்ததில்லை. காற்று வீசியது, கலம் வந்தது, பொருள் பரவியது. அவ்வளவே.

ஆனால் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், விடுதலை பெற்ற இந்தியாவில், அந்த முடிவைத் தில்லியில் ஓர் அமைச்சரின் மேசை எடுக்கத் தொடங்கியது. எந்த நாட்டிலிருந்து எந்தப் பொருள், எவ்வளவு, எந்த நிபந்தனையின்பேரில் இறங்கலாம் என்பதை ஒரு கையெழுத்து தீர்மானித்தது. அம்மேசையின் முன் அமர்ந்தவர்களுள் முதன்மையானவராக நாம் கருதுவது நம் சென்னை நகரத்தவரான திருவள்ளூர் தட்டை கிருஷ்ணமாச்சாரியை. டி. டி. கே. என்ற மூன்றெழுத்துகளால் நாடறிந்த அப்பெருமகனாரின் வாழ்வை, பிற நாட்டு உறவு நம் வாழ்க்கை முறையை எவ்வாறு மாற்றியமைத்தது என்னும் நோக்கில் இம்மலரில் எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

இராயப்பேட்டைப் பக்கமிருந்து ஆழ்வார்பேட்டையை ஊடறுத்துத் தெற்கே செல்லும் நெடுஞ்சாலைக்கு இன்று டி. டி. கே. சாலை என்று பெயர். முதியவர்களுள் சிலர் இன்றும் மௌபரீஸ் சாலை என்றே சொல்வர். ஜார்ஜ் மௌபரே என்ற ஆங்கிலேயர் பதினெட்டாம் நூற்றாண்டில் கும்பினியாரின் பணிக்கு வந்து, அடையாற்றங்கரையில் பெரிய தோட்ட மாளிகை ஒன்றை எழுப்பினார். இன்று மெட்ராஸ் கிளப் இருக்கும் இடம் அதுவே. அம்மாளிகைக்குச் செல்லும் வழியாக இருந்தமையால் சாலைக்கு அவர் பெயர் நிலைத்தது. கும்பினிக்காலத்து ஆங்கிலேயரின் பெயரிலிருந்து, அந்நிய நாட்டுச் சரக்குகளுக்கு முகவராயிருந்து பின்னர் அமைச்சரான ஒரு தமிழரின் பெயருக்குச் சாலை மாறியது. அவர் தொடங்கிய நிறுவனத்தின் அலுவலகம் நெடுங்காலமாக இருந்துவரும் கதீட்ரல் சாலையும் அருகிலேயே உள்ளது.

டி. டி. கே. 1899ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் பிறந்தார். தந்தையார் நீதித்துறையில் உயர் பதவி வகித்தவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்ற மகனும் சட்டம் படித்து நீதிமன்றம் ஏறியிருந்தால் அக்காலத்து மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டைச் சூழலில் யாரும் வியந்திருக்கமாட்டார்கள். அவரோ வணிகத்தை நாடினார். படித்த குடும்பத்துப் பிள்ளை சோப்பு விற்கப் போவதா என்று முகம் சுளித்த காலம் அது என்பதை இன்றைய மாணவர்கள் நினைவிற் கொள்ளவேண்டும்.

1928ஆம் ஆண்டு டி. டி. கிருஷ்ணமாச்சாரி அண்டு கம்பெனி தோன்றியது. அதன் தொழில் ஏஜென்சி. பிரிட்டனிலும் பிற நாடுகளிலும் ஆக்கப்பட்ட பொருள்களைத் தருவித்து, துறைமுகத்தில் தீர்வை கட்டி இறக்கி, மாவட்டந்தோறும் உள்ள கடைகளுக்குப் பகிர்ந்தளித்து, விற்பனைக்கேற்பக் கமிஷன் பெறுவதே அது. சன்லைட் சோப்பு, பாண்ட்ஸ் பவுடர், காட்பரி சாக்லேட், ஓவல்டின், ஹார்லிக்ஸ், கிவி பாலிஷ், பிரில்கிரீம், வாட்டர்மேன் பேனா என அந்நிறுவனத்தின் கைவழியே வந்தவற்றின் பட்டியல் நீண்டது. சீயக்காயும் அரப்பும் கடலைமாவும் இருந்த குளியலறைக்குள் வாசனைச் சோப்பு புகுந்தது. வேப்பங்குச்சியும் சாம்பலும் பின்தள்ளப்பட்டுப் பற்பசை வந்தது. நோயாளிக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்த வீட்டில் புட்டியிலிருந்து எடுத்துக் கரைக்கும் மாவுப்பானம் மதிப்புப் பெற்றது. இவையெல்லாம் பட்டாளம் கொண்டுவந்த மாற்றங்கள் அல்ல. விளம்பரத் தட்டியும் மாதிரிப் பொட்டலமும், ஊர் ஊராகச் சென்ற விற்பனையாளரும் கொண்டுவந்தவை. ஆங்கில ஆட்சி கச்சேரியையும் பள்ளிக்கூடத்தையும் மாற்றியது என்றால், ஆங்கில வணிகம் நம் சமையலறையையும் குளியலறையையும் மாற்றியது. அம்மாற்றத்தின் தமிழகத்துத் தூதர்களுள் ஒருவராக டி. டி. கே. விளங்கினார்.

இவ்வணிகத்தின் கணக்கையும் அவர் உள்ளிருந்தே அறிந்தார். ஒரு சோப்பின் விலையில் இந்நாட்டில் தங்குவது முகவரின் கமிஷனும், துறைமுகக் கூலியும், சில்லறைக் கடைக்காரரின் சிறு இலாபமுமே. மூலப்பொருளின் மதிப்பும், தொழிலாளியின் ஊதியமும், எல்லாவற்றுக்கும் மேலாகச் செய்யும் வகையை அறிந்த அறிவும் கடலுக்கு அப்பாலேயே நின்றுவிடும். பின்னாளில் அவர் மேற்கொண்ட கடுமையான கொள்கைகளுக்கு வேர் இந்தக் கணக்கில் உள்ளது என்று நாம் கருதுகிறோம். நூல்களில் மட்டும் பொருளாதாரம் கற்றவர்க்கு இது ஒரு கோட்பாடு. அவருக்கோ பேரேட்டில் தினமும் எழுதிய வரி.

1937ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்திற்குச் சுயேச்சையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதிலிருந்து அவர் பொதுவாழ்வு தொடங்கியது. காங்கிரசில் பின்னரே சேர்ந்தார். வணிகம் புதல்வர்களின் பொறுப்பாயிற்று. 1942இல் மத்திய சட்டசபை. பின்பு அரசியல் நிர்ணய சபை. அரசியல் சட்ட வரைவுக் குழுவில் டி. பி. கைதான் 1948இல் மறைந்தபோது, அவ்விடத்தில் டி. டி. கே. அமர்ந்தார். அசாமின் சையத் முகம்மது சாதுல்லா உள்ளிட்டோர் இருந்த அக்குழுவின் பெரும் சுமை ஒருவர் தோளிலேயே விழுந்தது என்பதையும், அத்தோள் அண்ணல் அம்பேத்கருடையது என்பதையும் 1948 நவம்பரில் சபையில் வெளிப்படையாக எடுத்துரைத்தவர் டி. டி. கே. தாம். அதே உரையில் இந்தித் திணிப்பைக் கண்டித்து, முழு இந்தியா வேண்டுமா, இந்தி இந்தியா வேண்டுமா என்று வடபுலத்து உறுப்பினர்களே தேர்ந்துகொள்ள வேண்டும் என்னும் கருத்துப்பட எச்சரித்தார். தமிழ்த்துறை மலரில் இச்செய்தியை நினைவுகூராமல் போவது முறையாகாது.

1952ஆம் ஆண்டு மே மாதம் நேரு அமைச்சரவையில் வணிகம், தொழில் துறைகளின் பொறுப்பு அவரிடம் வந்தது. வந்தவுடன் எதிர்கொண்டது நெசவாளரின் பட்டினி. தமிழகத்துக் கைத்தறி உள்ளூருக்காக மட்டும் நெய்யப்பட்டதன்று. லுங்கிகளும் கைக்குட்டைகளும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் அதற்கப்பாலும் சென்றுகொண்டிருந்தன. அயல்நாட்டுச் சந்தை சுருங்கினால் இங்கே தறி நின்றுவிடும். முதலமைச்சர் இராஜாஜி, வேட்டியும் சேலையும் நெய்வதைக் கைத்தறிக்கே ஒதுக்கவேண்டும் என்று வற்புறுத்தினார். அறிஞர் அண்ணா திருச்சித் தெருக்களில் கைத்தறித் துணியைச் சுமந்து விற்றார். டி. டி. கே. இராஜாஜி கேட்ட அளவுக்குப் போகவில்லை. 1952 இறுதியில் ஆலைகள் நெய்யும் வேட்டியின் அளவை முன்னைய உற்பத்தியில் 60 விழுக்காடாகக் குறைத்தார். அடுத்த ஆண்டு ஆலைத்துணிமீது மேல்வரி விதிக்கப்பட்டு, அத்தொகை கைத்தறி, கதர் வளர்ச்சிக்குத் திருப்பப்பட்டது. இது அரை மருந்தே. எனினும் கூட்டுறவு விற்பனைக் கடைகள் பல இதனால் எழுந்தன.

அவர் வாழ்வில் பெரிதும் நின்று நோக்கத்தக்க பகுதி இனி வருவது. பொருளைக் கொண்டுவந்து விற்காதே. அதைச் செய்யும் முறையைக் கொண்டுவந்து இங்கே செய் என்பதே அவர் அந்நிய நிறுவனங்களுக்குச் சொன்னதன் சாரம். மோட்டார்த் தொழிலில் இது மிகத் தெளிவாக விளங்கியது. ஃபோர்டு நிறுவனம் 1926 முதலும், ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் 1928 முதலும், பெட்டிகளில் வந்த பாகங்களை இங்கே பூட்டி வண்டிகளாக விற்றுவந்தன. பாகங்களைப் படிப்படியாக இந்நாட்டிலேயே ஆக்கும் திட்டம் உடையவர்களே தொடரலாம் என்று 1953இல் அரசு முடிவு செய்தது. உலகின் இரு பெரும் நிறுவனங்களும் 1954இல் கடையைக் கட்டின. அன்று பலர் இதனைத் தற்கொலைக்கு ஒப்பிட்டிருப்பர் என்பதில் ஐயமில்லை.

விளைவைச் சென்னையின் எல்லைப்புறங்களில் காணலாம். எண்ணூரில் 1948இல் ஆஸ்டின் கார் பூட்டத் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், பிரிட்டனின் லேலண்டு நிறுவனத்தோடு இணைந்து 1955இல் அசோக் லேலண்டு ஆகி, பேருந்துக்கும் லாரிக்கும் உரிய பாகங்களை ஆக்கும் தொழிலகமாயிற்று. அதே 1955இல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழில் திருவொற்றியூருக்கு வர வழிபிறந்தது. பின்னர்ப் பாடியில் வீல்ஸ் இந்தியா, லூக்காஸ் டி. வி. எஸ்., பிரேக்ஸ் இந்தியா என 1960 முதல் 1962 வரையிலான காலத்தில் ஆங்கில நிறுவனங்களின் கூட்டுறவோடு சக்கரமும் மின்கருவியும் தடுப்புக்கருவியும் செய்யும் ஆலைகள் எழுந்தன. பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலை சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத்தின் உதவியோடு 1955 அக்டோபர் 2ஆம் நாள் நேருவால் தொடங்கப்பட்டது. இது இரயில்வேத் துறையின் பணி எனினும் நோக்கம் ஒன்றே. உழவர் குடும்பத்துப் பிள்ளைகள் பிட்டரும் டர்னருமாகி, ஷிப்டு நேரத்துக்கு உண்டு உறங்கும் வாழ்க்கை வடசென்னையில் உருவானது. சங்கு ஊதும் ஓசைக்கேற்பத் தெருவே விழிப்பதும் அடங்குவதும் பிற நாட்டு உறவால் விளைந்த வாழ்க்கை முறையன்றி வேறென்ன?

எஃகிலும் இதே வழிதான். 1955 முதல் இரும்பு எஃகுத் துறையும் அவர் பொறுப்பில் சேர்ந்தது. பிலாயில் சோவியத் ஒன்றியம், ரூர்கேலாவில் மேற்கு ஜெர்மனி, துர்காப்பூரில் பிரிட்டன் என ஒன்றோடொன்று முரண்பட்ட மூன்று நாடுகளின் தொழில்நுட்பம், ஒவ்வொன்றும் ஆண்டுக்குப் பத்து இலட்சம் டன் என்னும் அளவோடு, ஒரே காலத்தில் இந்தியாவுக்குள் வந்தது. உலகம் இரு முகாம்களாகப் பிளந்து நின்ற வேளையில் இரு பக்கத்திலிருந்தும் கற்றுக்கொண்ட திறம் பாராட்டத்தக்கது. மூன்று ஆலைகளும் 1959ஆம் ஆண்டில் உலை மூட்டின. சென்னையில் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு இந்தியத் தொழில்நுட்பக் கழகம் அடையாற்றுக் காட்டுப்பகுதியில் தோன்றியதும் அதே ஆண்டுதான்.

இறக்குமதிக் கதவைச் சாத்தியவர் தம் வீட்டுக் கதவை மட்டும் திறந்து வைத்திருந்தாரா? இவ்வினாவை அவர் காலத்திலேயே பலர் கேட்டனர். நடந்தது இதுதான்: அந்நியச் சரக்கை இறக்கி விற்பதையே உயிராகக் கொண்டிருந்த அவர் குடும்ப நிறுவனத்தின் தொழில், இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் பெரிதும் ஒடுங்கியது. தந்தை தில்லியில் இட்ட ஆணை சென்னையில் மைந்தர்களின் பேரேட்டைத் தாக்கியது. பிழைக்க ஒரே வழி, விற்றவர்கள் செய்பவர்களாக மாறுவது. 1955இல் புதிய நிறுவனம் ஒன்று பதிவாயிற்று. 1959இல் பிரிட்டனின் பிரஸ்டீஜ் நிறுவனத்தின் கூட்டுறவோடு பெங்களூரில் பிரஷர் குக்கர் ஆக்கம் தொடங்கியது.

இக்கருவியைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். மூடிய கலத்துள் நீராவியை அடக்கிச் சமைக்கும் முறையைப் பிரெஞ்சு நாட்டு டெனிஸ் பாப்பின் 1679இல் இலண்டனில் செய்து காட்டினார். அழுத்தம் ஏறுவதால் நீர் 100 பாகையில் கொதிக்காமல் ஏறத்தாழ 120 பாகை வரை சூடேறுகிறது. பருப்பும் இறைச்சியும் விரைவில் வெந்துவிடுகின்றன. ஐரோப்பாவின் இக்கண்டுபிடிப்பு, ஆங்கிலேயர் வாயிலாக, தென்னிந்தியச் சமையலறையில் வந்து அமர்ந்தபோது அது வேறொரு பொருளாயிற்று. நம் பெண்கள் அதன் உள்ளே அடுக்குப் பாத்திரங்களை வைத்து, ஒரே வேளையில் சோறும் பருப்பும் காயும் சமைத்தனர். விறகடுப்பின் முன் கண் கசிய அமர்ந்திருந்த நேரம் குறைந்தது. அலுவலகம் செல்லும் பெண்ணுக்குக் காலை வேளை கைவந்தது. விசில் எண்ணிக்கை சமையற்குறிப்பின் அளவையாயிற்று. அந்நியர் செய்முறையைக் கற்று நம் தேவைக்கு வளைத்துக்கொள்வது என்பதற்கு இதைவிட எளிய சான்று நமக்குத் தெரியவில்லை.

1956 ஆகஸ்டு இறுதியில் சி. டி. தேஷ்முக்கின் விலகலையடுத்து டி. டி. கே. நிதியமைச்சரானார். சொல்லில் கூர்மையும் கோபத்தில் விரைவும் உடையவர் என்ற பெயர் அவருக்கு உண்டு. ரிசர்வ் வங்கி ஆளுநர் பெனகல் ராமராவ் அவரோடு மோதி 1957 சனவரியில் பதவி விலகியது அக்குணத்தின் விளைவே. இதில் அவர் பெருமைப்பட ஏதுமில்லை. அதே 1957 ஏப்ரல் முதல் நாள் பதின்கூற்று நாணயம் நடைமுறைக்கு வந்தது. பதினாறு அணா, அறுபத்துநான்கு பைசா என்று தலைமுறைகளாக எண்ணிவந்த மக்கள் நூறு நயா பைசாவுக்கு மாறினர். அடுத்த ஆண்டு முதல் வீசையும் பலமும் சேரும் விலகிக் கிலோகிராம் நுழைந்தது. பிரெஞ்சுப் புரட்சியின் காலத்து அளவை முறை, சந்தையில் காய்கறி விற்கும் கிழவியின் தராசுவரை இறங்கி வந்தது. காலணாவுக்கு எத்தனை நயா பைசா என்று கடைக்காரரும் வாங்குவோரும் வழக்காடிய நாள்களை மூத்தோர் அறிவர். கேம்பிரிட்ஜ் அறிஞர் நிக்கலஸ் கால்டாரின் ஆய்வை ஏற்றுச் செல்வ வரியையும் செலவு வரியையும் அதே ஆண்டு கொணர்ந்தார். செலவுக்கு வரி என்னும் கருத்து ஏட்டில் அழகாயிருந்தது; வசூலில் நிற்கவில்லை.

இதற்குள் அந்நியச் செலாவணி வற்றிவிட்டது. ஆலை எழுப்ப இயந்திரம் வேண்டும். இயந்திரத்துக்கு டாலரும் பவுனும் வேண்டும். உலகப் போரின்போது பிரிட்டனில் சேர்ந்திருந்த நம் ஸ்டெர்லிங் கையிருப்பு கரைந்துகொண்டே போயிற்று. சுயச்சார்புக்கான இயந்திரம் வாங்கவே பிறரிடம் கைநீட்ட வேண்டிய நிலை! 1957 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அவர் அமெரிக்கா, பிரிட்டன், மேற்கு ஜெர்மனி ஆகிய நாடுகளுக்குக் கடன் நாடிப் பயணம் செய்தார். மறு ஆண்டு உலக வங்கியின் முன்னிலையில் உதவும் நாடுகளின் கூட்டமைப்பு உருவாயிற்று. 1956இல் கையெழுத்தான பி. எல். 480 உடன்பாட்டின்படி அமெரிக்கக் கோதுமையும் வந்துகொண்டிருந்தது. அரிசியன்றி வேறறியாத தமிழர் இல்லங்களில் பங்கீட்டுக் கடைக் கோதுமை புகுந்து, சப்பாத்தி இரவு உணவானது இக்காலத்தையொட்டியே.

இந்நிலையில் வந்தது முந்த்ரா விவகாரம். ஆயுள் காப்பீட்டுக் கழகம் 1957 சூன் மாதம் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களின் பங்குகளை ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. பொதுமக்களின் சேமிப்பு தள்ளாடும் நிறுவனங்களுக்குள் ஏன் போயிற்று என்று நேருவின் மருமகனான பெரோஸ் காந்தியே மக்களவையில் எழுப்பினார். பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். சி. சாக்ளா தனி ஆணையராக அமர்த்தப்பட்டார். எவரும் வந்து கேட்கலாம் என்று கதவுகளைத் திறந்து வைத்து, சில வாரங்களிலேயே விசாரணையை முடித்தார் அந்த இஸ்லாமியப் பெருமகனார். செயலர் செய்ததற்கு அமைச்சரே பொறுப்பு என்பது அவர் கண்ட முடிவு. டி. டி. கே. 1958 பிப்ரவரியில் பதவி துறந்தார். தமக்குத் தெரியாமல் நடந்ததென்று அவர் வாதிட்டிருந்தார். ஆயினும் சாக்ளா வகுத்த நெறியே நாட்டுக்கு நல்லது என்று நாம் எண்ணுகிறோம். ஐந்தாண்டுகள் கழித்து இருவரும் ஒரே அமைச்சரவையில், ஒருவர் கல்விக்கும் மற்றவர் நிதிக்கும் பொறுப்பாக, அருகருகே அமர்ந்து பணியாற்றியது அக்காலப் பொதுவாழ்வின் பண்பு.

1962இல் மீண்டும் அமைச்சரானார். சீனப் போரையடுத்துப் பொருளாதார, பாதுகாப்பு ஒருங்கிணைப்பும், 1963 ஆகஸ்டில் நிதியும் அவரிடம் வந்தன. 1964இல் யூனிட் டிரஸ்டும் தொழில் வளர்ச்சி வங்கியும் தோன்றின. நகை வாங்கிப் பெட்டியில் வைத்த நடுத்தரக் குடும்பம், பத்து ரூபாய் யூனிட்டு வாங்கித் தொழிலில் பங்குகொள்ளும் பழக்கம் அங்கிருந்து தொடங்கியது. அடுத்த ஆண்டு உலக வங்கி ரூபாயின் மதிப்பைக் குறைக்குமாறு நெருக்கியது. டி. டி. கே. உடன்படவில்லை. கடன் தருபவர் நம் நாணயத்தின் விலையையும் நிர்ணயிப்பதா என்பது அவர் நிலை. இதனிடையே குடும்ப வணிகம் குறித்த குற்றச்சாட்டுகள் மீண்டும் எழ, பிரதமர் சாஸ்திரி அவற்றை நீதிபதியின் கருத்துக்கு அனுப்ப விரும்பினார். அதைத் தம்மீது நம்பிக்கையின்மையாகக் கொண்டு 1965 டிசம்பர் 31ஆம் நாள் அவர் வெளியேறினார். ஆறு மாதம் முடியுமுன், 1966 சூன் 6ஆம் நாள், ஒரு டாலர் 4 ரூபாய் 76 காசிலிருந்து 7 ரூபாய் 50 காசாயிற்று.

அவர் எழுப்பிய மதிலின் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. உரிமமும் கோட்டாவும் தொழில் வளர்க்கும் கருவிகளாகத் தொடங்கி, காலப்போக்கில் தாமே ஒரு சரக்காயின. உரிமம் பெற்றவர் ஆக்கியதை மக்கள் வாங்கியே தீரவேண்டும். மோசமானாலும் மாற்று இல்லை. ஸ்கூட்டருக்கும் காருக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோம். அந்நியப் பொருளின்மீது அடங்காத ஆசை ஒன்று வளர்ந்தது. பர்மாவில் 1962 இராணுவப் புரட்சிக்குப்பின் உடைமை இழந்து திரும்பிய தமிழருக்காகச் சென்னைக் கடற்கரை நிலையத்தருகே 1969இல் பர்மா பஜார் அமைந்தது. அங்கே வெளிநாட்டு வாசனைத் திரவியமும் கடிகாரமும் டேப் ரிக்கார்டரும் தேடி நகரமே அலைமோதியது. ஒரு நாடு நம்மவரை விரட்டியதும், நம் நாடு பிற நாட்டுச் சரக்கைத் தடுத்ததும் அந்தச் சிறு தெருவில் ஒன்றுகூடின. வளைகுடா சென்ற நம் சமுதாய இளைஞர் விடுமுறையில் கொணர்ந்த பெட்டியைத் தெருவே சூழ்ந்து நின்று பார்த்த காலமும் அதைத் தொடர்ந்தது. இப்பழியை ஒருவர்மீதே சுமத்துவது நீதியாகாது. அவர் உரிமத்தைக் கொடுத்தது கற்பதற்கான தவணையாக. பின்வந்தோர் தவணையை முடிக்கவே இல்லை.

டி. டி. கே. 1974 மார்ச் 7ஆம் நாள், எழுபத்துநான்காம் வயதில் மறைந்தார். இசைப் பற்றும் உடையவர். சாலையோடு மியூசிக் அகாதமியின் பெரிய அரங்கும் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

1991இல் கதவுகள் அகலத் திறந்தன. 1954இல் வெளியேறிய ஃபோர்டு, 1995இல் இந்தியக் கூட்டாளியோடு திரும்பிவந்து மறைமலைநகரில் ஆலை நிறுவியது. கொரியாவின் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. அவர்கள் சென்னையைத் தேர்ந்தெடுத்த காரணங்களுள் தலையாயது, பாடியிலும் அம்பத்தூரிலும் நாற்பது ஆண்டுகளாகப் பாகங்கள் செய்து தேர்ந்த கைகள் இங்கே இருந்தமை. ஃபோர்டு 2022இல் மறைமலைநகரில் உற்பத்தியை நிறுத்தியது. பாகம் செய்யும் பட்டறைகள் பிற நிறுவனங்களுக்குச் செய்துகொடுத்து நிற்கின்றன. ஆங்கிலேயரிடம் குக்கர் செய்யக் கற்ற டி. டி. கே. பிரஸ்டீஜ் நிறுவனமோ 2016இல் இங்கிலாந்தில் சமையற்கலம் விற்கும் ஹார்வுட் என்ற பழைய நிறுவனத்தை விலைகொடுத்து வாங்கியது.